சிறுகச் சிறுக மிச்சம் பிடிக்கிறேன், மாதக் கடைசியில் ஒன்றும் தங்கவில்லை. ஓட்டை எங்கே?

மாதக்கடைசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், கல்லூரி போகும் மகள், பள்ளிக்கூடப் பையன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஊதாரிக் குடும்பம் என்று யாரும் எங்களைச் சொல்லிவிட முடியாது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. பற்பசைக் குழாயைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்து எடுக்கிற ஆள் நான். தேய்ந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவேன். ஒரே பொருள் இரண்டு கடையில் இருந்தால் எங்கே மலிவு என்பது மனப்பாடம். செலவு நோட்டும் எழுதுகிறேன், தேதிவாரியாக, அட்டை போட்டு.

இத்தனையும் செய்துவிட்டு மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கு பழையபடி வழித்துத் துடைத்துக் கிடக்கிறது. மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போனது என்று நோட்டைப் புரட்டினால் அதிலும் பதில் இல்லை. "நீ இவ்வளவு மெனக்கெடாமல் இருந்திருந்தாலும் இதே கதைதான்" என்கிறார் கணவர். அதுதான் எரிச்சல். அவர் சொல்வது தப்பு என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம் வீட்டில் என் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது. என் காலடிச் சத்தம் கேட்டாலே பையன் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துகிறான், வியர்த்துக்கொண்டே படிக்கிறான். மகள் புதிதாக ஒரு சட்டை வாங்கினால் பழைய பைக்குள் திணித்து எடுத்துவந்து, "இது போன வருஷமே இருந்ததே அம்மா" என்று சாதிக்கிறாள். மாமியார் குளிக்கப் போகும்போது என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார். வாய்விட்டு நான் எதுவும் சொல்வதில்லை. சொல்லாமலே இந்த நிலைமை.

எதை முதலில் பார்க்க வேண்டும்? மொத்தமாக வாங்கிப் போடுவது உண்மையிலேயே லாபமா? வீட்டில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் இதைச் செய்ய வழி உண்டா? தயவுசெய்து "தேவையா ஆசையா என்று யோசித்து வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ஃபிரிட்ஜ் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.


மீட்டர்வாசி எழுதியது:

அக்கா, கரண்ட் பக்கத்தை மட்டும் நான் பேசுகிறேன், அதுதான் என் பிழைப்பு. மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் அந்த விளக்கை விட்டுவிடுங்கள். ஒரு யூனிட் என்றால் 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது. இப்போது எல்லா வீட்டிலும் எரிகிற 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 111 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு வாளி வெந்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 1680 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஆக, ஒருவர் குளிக்கும் வாளிக்குக் கிட்டத்தட்ட அரை யூனிட். அந்த அரை யூனிட்டில் உங்கள் பல்பு இரண்டு நாள் ராத்திரியும் பகலும் அணைக்காமல் எரியும். நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எதற்காக என்று பாருங்கள்.

வெளிச்சமும் சத்தமும் மலிவு. சூடாக்குவதும் குளிர வைப்பதும்தான் காசு. கீசர், அயர்ன் பாக்ஸ், மின் அடுப்பு, ஏசி, ஃபிரிட்ஜ், வெந்நீரில் துவைக்கிற வாஷிங் மெஷின், இவ்வளவுதான் பில். வாஷிங் மெஷினில் மோட்டார் சுற்றுவதற்கு ஆகிறது கொஞ்சம், வெந்நீர் வைத்துத் துவைத்தால் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்கே போகும். சாதாரண அழுக்குக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

இதைப் படித்துவிட்டு மாமியாரின் வெந்நீரில் கை வைத்துவிடாதீர்கள், அது பாவம். கீசரைக் குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு நிறுத்தினாலே போதும். நாள் பூரா ஆனில் விட்டால் தொட்டியின் சூடு சுவர் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட அது திரும்பத் திரும்பச் சூடேற்றும். சிலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியின் சூட்டையே 40, 45க்கு இறக்கி வைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலுக்கு ஆகாது. தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும், வாளியில் கலந்துகொள்ளுங்கள்.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ரக மின்விசிறி 75 வாட் பக்கம் எடுக்கும், பிஎல்டிசி மோட்டார் வைத்தது 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற அறையில் மாற்றினால் மாதம் 20 யூனிட் குறையும். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு வீடு முழுக்க மாற்ற வேண்டாம். அதிகம் ஓடுகிற ஒன்றை முதலில் மாற்றுங்கள், மற்றவை தானாகச் சாகும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பையனை நிம்மதியாகக் காற்று வாங்க விடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை. உங்கள் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஓர் எண் அச்சடித்திருக்கும், 1600, 3200 என்று ஏதோ ஒன்று. ஒரு யூனிட் ஓடினால் அத்தனை தடவை சிமிட்டும் என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் சுவிட்சில் நிறுத்துங்கள், ரிமோட்டில் நிறுத்துவதை ரிமோட்டிலேயே நிறுத்துங்கள், எப்போதும் செய்கிற மாதிரி. அப்புறம் மீட்டர் முன்னால் நின்று இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். 3200 என்றால் 1125ஐ அந்த வினாடியால் வகுங்கள், 1600 என்றால் 2250ஐ வகுங்கள். வருவது வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில் உங்கள் வீடு தின்கிற அளவு அது. முடிந்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் திரும்பப் போடுங்கள், அதை மறந்தால் எல்லாக் கணக்கும் போச்சு.


அடுப்படி எழுதியது:

தம்பி கரண்டைப் பார்த்துக்கொண்டார், நான் சமையலறையைப் பார்க்கிறேன்.

கொதிக்க ஆரம்பித்துவிட்டால் தீயைக் குறைக்க வேண்டும், மூடி போட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். அந்த ஆவிக்குத்தான் செலவு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் சக்தியைப் போல ஏழு மடங்கு வேண்டும், அதே லிட்டரை முழுக்க ஆவியாக்க. திறந்த பாத்திரம் தளதளவென்று கொதிக்கும்போது நீங்கள் சமைப்பது கூரையை. குக்கரில் உள்ளே 120 டிகிரி வரை போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. அதிலும் ஆவி சீறிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு பெருந்தீ தேவையில்லை.

ஆனால் எரிபொருளைவிடப் பெரிய ஓட்டை குப்பைக்கூடையில் இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். ஹோட்டல்காரன், கடைக்காரன் எல்லாம் அப்புறம்தான். நீங்கள் கடைக்குக் கடை விலை ஒப்பிட்டு வாங்கிய காய் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகினால், நீங்கள் கொடுத்த விலைதான் சந்தையிலேயே உச்ச விலை.

நான் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், கண்ணுக்கு நேராக, ஒரு மூடியில்லாத டப்பா வைத்திருக்கிறேன். பாதி வெட்டிய காய், நேற்றைய மிச்சம், திறந்துவிட்ட பாக்கெட் எல்லாம் அதில்தான் நிற்க வேண்டும் (மிச்சம் மூடிய கிண்ணத்தில்தான், டப்பாவுக்குத்தான் மூடி இல்லை). அது காலியாகாமல் புதிதாக எதுவும் நறுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்கிற கிண்ணங்கள்தான் எதிரி. ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கட்டும், ஃப்ரீசர் மைனஸ் 18இல். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடிப் பாருங்கள், சுலபமாக உருவ வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. அந்தத் "தேவையா ஆசையா" தாளையே வைத்துப் பார்க்கலாம், அதற்கும் ஒரு வேலை ஆச்சு.

மொத்தமாக வாங்கலாமா என்று கேட்டீர்கள். சோப்பு, உப்பு, துவைக்கிற தூள் வாங்கலாம், கெட்டுப்போகாது. எண்ணெய் வேண்டாம், காறிப்போகும். பொடித்த மசாலா வேண்டாம், வாசனை போய்விடும். நொறுக்குத்தீனி வேண்டவே வேண்டாம். பெரிய பாக்கெட் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் பெரிய கையாக அள்ளுவார்கள், மாதம் முழுக்க வரவேண்டியது ஒரு வாரத்தில் காலி. துவைக்கிற தூளிலும் இதே வியாதி உண்டு. டப்பா நிறைய இருக்கும்போது கரண்டி குவிந்துவிடும். அதிகம் போட்டால் அதிகம் வெளுக்காது, நுரைதான் தங்கும்.

விலையைப் பார்ப்பதோடு எடையையும் பாருங்கள். விலையும் அட்டைப்படமும் அப்படியே இருக்கும், 500 கிராம் சத்தமில்லாமல் 450 ஆகியிருக்கும். 10 சதவீதம்தானே குறைத்திருக்கிறான் என்று தோன்றும். கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 11 சதவீதம் ஏறியிருக்கிறது. உங்கள் மனப்பாட விலைப்பட்டியலை எடைக்கணக்கில் மாற்றி மனப்பாடம் செய்யுங்கள்.


மாதக்கடைசி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மீட்டர் பரீட்சை நடந்தது. மொத்தக் குடும்பமும் டார்ச்சோடு மீட்டர் முன்னால். பையன்தான் நேரம் பார்த்தான்.

எங்களுடையது 3200. எல்லாம் நிறுத்திய பிறகும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சிமிட்டியது. 37 வாட் சொச்சம். யாருமே எதையுமே தொடாத வீட்டில்! பையன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தான். செட்-டாப் பாக்ஸைப் பிடுங்கியதும் சிமிட்டல் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்றாகிவிட்டது, அதாவது அது ஒன்றே 25 வாட். டிவி அணைந்திருந்தாலும் அது அணைவதில்லையாம். மிச்சம் பன்னிரண்டரை வாட் யார் என்று தேடினால், டிவிக்குக் கீழே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? "நீ மெனக்கெடாமல் இருந்திருந்தாலும்" என்று சொன்னவருடையது. மாதத்துக்கு 27 யூனிட், இரண்டும் சேர்த்து. இனி படுக்கப் போகுமுன் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பது அவர் பொறுப்பு என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாமியார் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனாலும் 27 யூனிட் என் மாதக் கடைசியைத் தூக்கி நிறுத்தாது என்று எனக்கே தெரிகிறது.


வட்டிக்கணக்கு எழுதியது:

நிறுத்தாது. உள்ளதைச் சொல்கிறேன், மேலே உள்ளவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதெல்லாம் நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் நான் வீட்டுக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், பணம் சமையலறையில் தொலைந்த குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில்தான் தொலைகிறது. கடன், தவணை, பாலிசி, சந்தா.

கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறதா? இருந்தால் வேறு எதையும் பேசாதீர்கள். மாதம் 3 சதவீதம் என்று சின்னதாக எழுதியிருப்பான். வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருஷத்துக்கு 42.6 சதவீதம். 'மினிமம் டியூ' கட்டினால் போதும் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 100 பாக்கி, மாதம் 3 வட்டி, பாக்கியில் 5 சதவீதம் கட்டுகிறீர்கள், புதிதாகக் கார்டைத் தேய்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டினால் மொத்தம் 55 கட்டியிருப்பீர்கள். கடன் 77இல் நிற்கும். 55 கொடுத்து 23 குறைந்திருக்கிறது, மீதி 32 வட்டி. எந்த மூடியைப் போட்டு எந்தத் தீயைக் குறைத்தாலும் அந்த 32ஐ எட்டிப்பிடிக்க முடியாது. சேமிப்பு என்று எங்காவது குறைந்த வட்டியில் பணம் தூங்கிக்கொண்டிருந்தால், அவசரத்துக்கு ஒரு தொகையை விட்டுவிட்டு மற்றதை எடுத்து இதை அடையுங்கள். பல கடன் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில். சின்னதை முதலில் அடைத்தால் மனசுக்குத் தெம்பு என்பார்கள், இருக்கலாம், ஆனால் காசு கூடுதலாகப் போகும்.

'வட்டியில்லாத் தவணை'யும் அப்படித்தான். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேளுங்கள். குறைக்கிறேன் என்று சொன்னால், அந்தக் குறைகிற தொகைதான் நீங்கள் கட்டப்போகும் வட்டி. செயலாக்கக் கட்டணம் என்று இன்னொன்றைத் தனியாக எழுதியிருப்பான், அதையும் சேருங்கள்.

அப்புறம் சந்தாக்கள். வங்கி அறிக்கையை மாத அறிக்கையாகப் பார்க்காதீர்கள், ஒரு முழு வருஷத்துக்கு எடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தானாகக் கழிகிறதெல்லாம் மாதக் கணக்குக்குச் சிக்காது. யாரும் பார்க்காத படச் சந்தா, போனில் எப்போதோ இலவசமாகத் தொடங்கிய செயலி, பழைய வண்டிக்கு எடுத்த ஏதோ ஒரு சேவை. பாலிசி புதுப்பிக்கும் தேதி வரும்போது அப்படியே கட்டாமல் வேறு இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். கேட்டேன் என்று சொன்னாலே சில சமயம் குறைப்பார்கள்.

உங்களுக்கு என்னென்ன ஓடுகிறது என்று சொல்லுங்கள்.


மாதக்கடைசி எழுதியது:

கார்டு பாக்கி கிடையாது, வீட்டுக் கடன் மட்டும். சந்தா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. வருஷ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் எதற்கென்று தெரியாத ஒரு கழிவு இருந்தது. கடைசியில் பையன் எப்போதோ விளையாடிய விளையாட்டு. நிறுத்தியாச்சு.

அந்த அறிக்கையில் இன்னொன்றும் பார்த்தேன். எந்த மாதமுமே 'சாதாரண மாதம்' இல்லை. ஒரு மாதம் கல்லூரிக் கட்டணம், ஒரு மாதம் வண்டி டயர், ஒரு மாதம் பல் வைத்தியர், ஒரு மாதம் சொந்தக்காரர் கல்யாணம். அதெல்லாம் என் நோட்டில் 'எதிர்பாராதது' என்று ஒரு மூலையில் இருக்கிறது.


பழையகுடை எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்கு உங்கள் கடைசிப் பத்தியிலேயே பதில் வந்துவிட்டது. எனக்குப் பணி ஓய்வு ஆகிவிட்டது, நேரம் இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கல்லூரிக் கட்டணம் எதிர்பாராததா? டயர் தேய்வது எதிர்பாராததா? எந்த மாதத்தில் என்பது வேண்டுமானால் தெரியாது, வருஷத்துக்குள் வரும் என்பது நிச்சயம். உங்கள் நோட்டு தேதிவாரி நோட்டு. என்றைக்கு என்ன வாங்கினீர்கள் என்று சொல்லும், எதற்கு எவ்வளவு என்று சொல்லாது. பின்பக்கத்தில் இன்னொரு பக்கம் திறந்து, போன வருஷம் வந்த இந்த மாதிரிச் செலவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். உதாரணத்துக்கு, வீட்டுக்கு மாதம் 100 வருகிறது, வருஷச் செலவுகள் மொத்தம் 144 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் வருமானம் 100 இல்லை, 88. இதுநாள்வரை 100ஐ வைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டு, அந்த 12 பிடுங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் சோப்பின் மேல் பழி போடுகிறீர்கள். நீங்கள் மிச்சம் பிடித்தது பொய்யில்லை. அது அந்த டயரிலும் பல்லிலும் போயிருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் கடன் வாங்கியிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், நிரூபணம் கேட்டீர்களே.

இரண்டாவது, மிச்சம் பிடித்த பணத்தை எங்கே வைக்கிறீர்கள்? எங்கேயும் வைக்கவில்லை, அதே கணக்கில்தான் கிடக்கிறது, சரிதானே. கணக்கில் கிடந்தால் அது செலவுக்கான பணம், அவ்வளவுதான். மனித சுபாவம் அது. நிலக்கரியைப் பற்றி எழுதும்போது ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865இலேயே சொன்னார்: நீராவி இயந்திரம் சிக்கனமாக ஓட ஆரம்பித்ததும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது, மலிவாகிவிட்டதென்று எல்லோரும் இன்னும் நிறைய இடத்தில் ஓட்டத் தொடங்கினார்கள். வீட்டிலும் அதே. பில் குறைந்த மாதத்தில் கை தாராளமாகிவிடும். ஆகவே அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கையும், அதற்கு மேல் சேமிக்க நினைப்பதையும், சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதற்குக் கார்டு வாங்காதீர்கள், போனில் அந்தச் செயலியையும் வைக்காதீர்கள். மீதி இருப்பதில் மாதத்தை ஓட்டுங்கள். மாதக் கடைசியில் கணக்கு துடைத்துக் கிடந்தால் கிடக்கட்டும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

இப்போது வீட்டு விவகாரம். உங்கள் மகள் சட்டையை ஒளித்து எடுத்துவருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டில் ஒவ்வொருவருக்கும், மாமியார் உட்பட, மாதம் ஒரு தொகை கையில் கொடுங்கள். சின்னத் தொகை போதும். அதற்குக் கணக்குக் கேட்கவே கூடாது, முகத்தாலும் கேட்கக் கூடாது. உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் அதையும் மிச்சம் பிடித்துவிடுவீர்கள். என் மனைவி அந்தப் பணத்தில் வருஷக் கணக்காகப் பூச்செடி வாங்கினாள். எதற்கு இத்தனை செடி என்று எனக்குக் கேட்கத் தோன்றும், கேட்டதில்லை.

மின் பில்லை நீங்கள் ஒருவரே வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். பையன்தான் சிமிட்டலை எண்ணினான் என்கிறீர்கள், பில்லையும் அவனிடமே கொடுங்கள். போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்லட்டும். முந்திய மாதத்தோடு ஒப்பிட்டால் வெயில், குளிர் எல்லாம் கலந்து குழப்பும். குறைந்தால் குறைந்ததில் பாதி அவனுக்கும் அக்காவுக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் நீங்கள் நடக்கும் சத்தத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், அவன் நடக்கும் சத்தத்துக்குத்தான் உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவார்.

சோப்பை ஒட்டுவதை நிறுத்த வேண்டாம், அதில் ஒரு திருப்தி இருக்கிறது, எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.


மாதக்கடைசி எழுதியது:

ஐயா, 88 என்ற கணக்கைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து எழுதியாச்சு. எங்களுக்கு உங்கள் உதாரணத்தைவிட மோசம், 85 பக்கம் வருகிறது. கணவரிடம் காட்டினேன். "அப்போ என் ஸ்பீக்கர் மேல தப்பு இல்லையே" என்கிறார். அவரை என்ன செய்வது!

வேறு கணக்குக்கு மாற்றுவது அடுத்த சம்பளத்திலிருந்து. கைச்செலவுத் தொகை இன்றே பேசி முடிவாகிவிட்டது. மாமியார் முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் எவ்வளவு என்று கேட்டார்.

ஒரு சின்ன சந்தேகம். மின் மீட்டர் மாதிரித் தண்ணீருக்கும் ஏதாவது பரீட்சை உண்டா? தண்ணீர் பில் ஆளில்லாத மாதத்திலும் குறைவதில்லை.


மீட்டர்வாசி எழுதியது:

உண்டு அக்கா, என் அண்ணன் பிளம்பர். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் திரும்பப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

சொட்டும் குழாய் என்றால் கீழே ஒரு டம்ளர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், வருஷத்துக்கு 1750 லிட்டர். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. குழாய் சத்தமாவது போடும். சத்தம் போடாமல் ஒழுகுவது கழிவறை ஃபிளஷ் தொட்டிதான். உணவில் போடுகிற கலர் கொஞ்சம் எடுத்துத் தொட்டியில் கலக்கிவிட்டுக் கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் கலர் தெரிந்தால் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் சரியாக உட்காரவில்லை.


மாதக்கடைசி எழுதியது:

கலர் தெரிகிறது! நல்ல பச்சையாக. இந்த ரப்பர் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவுதானா?


மீட்டர்வாசி எழுதியது:

இல்லை, அளவு மாறும். தொட்டிக்கு வரும் தண்ணீரை மூடிவிட்டு, பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். மாற்றும்போது அது உட்காருகிற விளிம்பையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், அங்கே உப்புப் படிந்திருந்தால் புது ரப்பரும் ஒழுகும்.